அனு பாலா

புது வண்டி. ரப்பர் வாடை இன்னும் போகவில்லை.
டேஷ்போர்டில் சோற்றுத் தட்டளவுக்கு ஒரு திரை.
கேபிளைச் சொருகி, கழுத்தை இடப்பக்கம் மடித்து
ரப்பர் பேண்டு போட்டால்தான்
என் போனை அது ஒப்புக்கொள்கிறது.

ஒரு பக்கம் மேப், ஒரு பக்கம் பாட்டு,
நடுவில் யாரோ ஒருத்தியின் குரல்.
கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும்,
வந்த மெசேஜை நான் வாசிக்கிறேன் என்கிறாள்.
எட்டாம் கிளாஸில் நின்றுபோன எனக்கு
இப்படி ஒரு குமாஸ்தா.

ஜுலைகா எழுதுவது தமிழ்தான், எழுத்துதான் இங்கிலீஷ்.
குரல்காரிக்கு அது தெரியாது.
அவள் வாயில்
'மச்சான்' மெஷின் ஆகும்.
'தூக்கம் வரல' வரால் மீனாகித் துள்ளும்.
ஆதம் தாண்டி, வளைவே இல்லாத ரோட்டில்
தனியாகச் சிரித்திருக்கிறேன்.
சண்டை என்றால் வாய்ஸ் அனுப்பாதே, எழுதிவிடு
என்று ஜுலைகாவிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.
எந்த வசவையும் குரல்காரி
ஏர்போர்ட் அறிவிப்பு மாதிரி வாசித்துவிடுவாள்.
கேட் நம்பர் ஒன்றுதான் குறை.

அன்றைக்கு நிஸ்வாவில் ஹிலால் ஏறினார்.
கம்பெனியில் வண்டிக்கும் சம்பளத்துக்கும் அவர்தான்.
ஹைமாவில் படுத்துவிட்ட டிரெய்லரைப் பார்க்க வருகிறார்.
பின்னால் இருபத்திரண்டு டன் உறைந்த கோழி.
முன்னால் நாங்கள் இரண்டு பேர்.
நடுவில் இரண்டு மாதச் சம்பளம்,
யாரும் தொடாமல்.

பேரீச்சை நீட்டினார். தின்றேன்.
கொட்டையைத் துப்பக் கண்ணாடியை இறக்கும்போது
டிங் என்றது.
நிறுத்துகிற பட்டனைத் தேடி விரல் திரையில் அலைவதற்குள்
தொடங்கிவிட்டாள்.
ஜுலைகாவிடமிருந்து ஒரு செய்தி:
பேனம் இன்னம் அனு பாலா.
ஃபீஸ் கேக்ரான்கா. அனு பாலா.
போனா மாசமும் அனு பாலா.

ஹிலால் என் பக்கம் திரும்பினார்.
யார் இந்த அனு பாலா?
இரண்டாவது சம்சாரமா?
தொடையில் தட்டிச் சிரித்தார். சீட் குலுங்கியது.
நானும் சிரித்தேன்.
அதோடு விட்டிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால்
ஹைமா வரைக்கும் கதை ஓடியிருக்கும்.
வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

பெயர் இல்லை முதீர், என்றேன்.
ஃபுலூஸ் மாஃபி.
பணம் அனுப்பவில்லை என்கிறாள்.
நான்.

பிறகு ஏசி மட்டும் பேசியது.
திரையில் நீலக் கோடு, மடக்காத அளவுகோல் மாதிரி,
இன்னும் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.
ஹிலால் தன் கொட்டையை வெளியே போடவில்லை.
டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்தார்.
வால்யூமைக் குறைத்தார்.
கொஞ்ச தூரம் போனதும் அவரே கூட்டினார்.
இறங்கும்போது ரப்பர் பேண்டைப் பார்த்து
நல்ல கேபிள் கொடுக்கச் சொல்கிறேன் என்றார்.

கேபிள் வரவில்லை.
பதினோராம் நாள் ஒரு மாதச் சம்பளம் வந்தது.
அவர் சொல்லியா, தானாகவா,
நான் கேட்கவில்லை.

தும்ரைத் பங்க்கில் வண்டியை ஓரம் கட்டி
ஜுலைகாவிடம் எல்லாம் சொன்னேன்.
ஊர் பேர் தெரியாத ஆள் முன்னாடி மானம் போச்சே என்றாள்.
அப்புறம் மெதுவாக,
அவ எப்படி இருப்பா?
நல்ல உயரம், என்றேன்.
எப்போது வருவாள் என்று யாருக்கும் சொல்லமாட்டாள்.

இப்போதெல்லாம் ஜுலைகா
பணம் என்ற சொல்லை எழுதுவதே இல்லை.
நேற்று ராத்திரி சலாலா இறக்கத்தில் மூடுபனி.
முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கு தவிர
உலகத்தில் ஒன்றும் கிடையாது.
வைப்பர் ஓடுகிறது. டிங்.
குரல்காரி ஒரு பிசகும் இல்லாமல்,
கேள்விக்குறிக்குக் குரலைக்கூட
லேசாகத் தூக்கி வாசித்தாள்:

அனு பாலா?

பதில் அனுப்பவா என்றாள்.
அப்புறம், என்றேன்.
அது அவளுக்குப் புரியவில்லை.
மறுபடியும் கேட்டாள்.